கிளட்ச் கைப்பக்கம் நடுக்கோடு: வலது பக்கம் ஓட்டப் போகிறவர்களின் கேள்விகள்

ஓமனில் 11 வருடம் இருந்தேன். முதலில் பிக்கப், அப்புறம் பைக். ஊர் திரும்பி உச்சிப்புளியில் ஒர்க் ஷாப் போட்ட பிறகு இரண்டு முறை வியட்நாம் போய் வாடகை வண்டியில் சுற்றினேன். இரண்டு நாட்டிலும் சாலையில் வலது பக்கம்தான் போக வேண்டும். இந்த வருடம் நம் ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து சிலர் முதல் தடவையாக வெளிநாட்டில் பைக் ஓட்டக் கிளம்புகிறார்கள். அவர்கள் கேட்டதும் நான் சொன்னதும் கீழே.

தங்கச்சிமடத்துக் கல்லூரித் தம்பி: பாய், அங்கே வண்டியிலும் எல்லாம் மாறியிருக்குமா? கிளட்ச் வலது கைக்கு வந்துவிடுமா?

வராது. காரில்தான் ஸ்டியரிங் இடது பக்கம் போய், கியர் வலது கைக்கு வரும். பைக்கில் கிளட்ச் இடது கை, முன் பிரேக் வலது கை, கியர் இடது கால், பின் பிரேக் வலது கால். இப்போது வருகிற கியர் பைக்குகளில் உலகம் முழுக்க இதேதான். அதனாலேயே ஒரு சிக்கல். காரில் உட்கார்ந்ததுமே 'இது வேற ஊரு' என்று உடம்புக்குத் தெரிந்துவிடும். பைக் அப்படி எதையும் நினைவுபடுத்தாது.

நான் பிடித்துக்கொண்ட அடையாளம் ஒன்று உண்டு. நம் ஊரில் நடுக்கோடு ஆக்சிலேட்டர் கைப்பக்கம் இருக்கும். அங்கே கிளட்ச் கைப்பக்கம். வியட்நாமில் கிளட்ச் லீவரில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிக்கொண்டேன். கிளம்பும்போது நூலைப் பார்ப்பேன், அப்புறம் கோட்டைப் பார்ப்பேன். கிளட்சே இல்லாத ஸ்கூட்டர் என்றால் இடது கைப்பிடியில் கட்டிக்கொள்.

பாம்பன் விசைப்படகு டிரைவர்: 20 வருடம் இடது பக்கமே ஓட்டிப் பழகிய கை பாய். மாறுமா?

நீங்கள் கேட்பதுதான் வேடிக்கை. கடலில் நீங்கள் ஏற்கெனவே வலது பக்கம்தான் போகிறீர்கள். எதிரெதிரே இரண்டு போட் வந்தால் இரண்டுமே வலது பக்கம் ஒடித்து, இடது விலாவும் இடது விலாவும் பார்த்தபடி கடக்கும். குறுகலான கால்வாயில் வலது ஓரத்தை ஒட்டிப் போக வேண்டும். சர்வதேசக் கடல் விதியே அதுதான். சுக்கானைப் பிடித்தால் வலது, ஹேண்டில்பாரைப் பிடித்தால் இடது என்று உங்கள் தலைக்குள் இரண்டு கணக்கு தனித்தனியாக ஓடுகிறது. மூன்றாவதாக ஒன்று எழுதப் போகிறீர்கள், அவ்வளவுதான்.

ஆனால் எங்கே தவறு வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள். நெரிசலில் வராது. முன்னால் போகிற வண்டியின் பின்னாலேயே போய்விடுவோம். ஆளில்லாத ரோட்டில்தான் வரும், அதுவும் நின்று கிளம்பும்போது. டீக்கடை, பெட்ரோல் பங்க், போட்டோ எடுக்க நிறுத்திய இடம், யூ-டர்ன், விடியற்காலை.

ஓமன் போன முதல் வருடம் சூர் பக்கத்தில் ஒரு கிராமத்துச் சாலை. சுலைமானி டீ குடித்துவிட்டு நண்பரின் பைக்கை எடுத்தேன். அரை கிலோமீட்டர் போயிருப்பேன். எதிரே ஒரு தண்ணீர் லாரி, என் பாதையிலேயே, விளக்கை அடித்து அடித்து வருகிறது. இவனுக்கென்ன பைத்தியமா என்றுதான் முதலில் தோன்றியது. பதறி இன்னும் இடது பக்கமே ஒடித்து மணலில் விழுந்தேன். முழங்கை தேய்ந்தது, அவ்வளவுதான். அன்று ரோட்டை விட்டு இறங்கியதால் பிழைத்தேன். சரியான பக்கத்தில் போய்க்கொண்டிருக்கும்போது அதே கை அதே மாதிரி இடது ஒடித்திருந்தால், நேரே எதிர் வண்டிக்குள் போயிருப்பேன். பயந்தால் கை இடதுக்குத்தான் ஓடும். பழக்க வேண்டியது அந்தக் கையைத்தான்.

தேவிபட்டினம் ஆசிரியர்: அதை எங்கே பழகுவது? விடியற்காலையில் தனுஷ்கோடி ரோடு காலியாகத்தானே இருக்கிறது?

வேண்டவே வேண்டாம் சார். தனுஷ்கோடி ரோடும் கூடாது, கிழக்குக் கடற்கரைச் சாலையும் கூடாது. மீன் வண்டி எந்த நேரத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது.

நமக்கென்று கண்மாய் இருக்கிறதே! கோடையில் வற்றிக் கெட்டியாகக் கிடக்கும். சுண்ணாம்பில் இரண்டு பாதை, ஒரு நாற்சந்தி, நடுவே ஒரு ரவுண்டானா வரையுங்கள். எதிர்ப் பக்கமிருந்து வர இன்னொரு வண்டி வேண்டும். மூன்றாவது ஆள் கரையில் நின்று நினைத்த நேரத்தில் கைதட்டட்டும். தட்டியதும் நேராக பிரேக் பிடியுங்கள், இல்லை வலது பக்கம் ஒதுங்குங்கள். நாலு சாயங்காலம் செய்தால் போதும். சீமைக்கருவேல முள்ளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பஞ்சர் பார்க்க என்னிடம்தான் வர வேண்டியிருக்கும்.

ஏர்வாடியிலிருந்து ஒருவர்: ரவுண்டானாவில் எப்படி?

கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்ற வேண்டும். ஏற்கெனவே உள்ளே சுற்றுகிறவர் உங்கள் இடது பக்கமிருந்து வருவார், அவருக்கு வழி விடுங்கள். ரவுண்டானா இல்லாத சந்திப்பில் வலது திருப்பம் சுருக்கமானது, இடது திருப்பம்தான் எதிர் வண்டிகளைக் குறுக்கே கடப்பது. நடந்து கடக்கும்போது முதலில் இடது பக்கம் பாருங்கள். பைக்கில் கவனமாக இருந்துவிட்டு நடக்கும்போது அடிபடுகிறவர்கள் உண்டு.

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி: காக்கா (அண்ணா), நம்ம லைசென்ஸ் அங்கே செல்லுமா?

தனியாக சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுக்க வேண்டும் தம்பி. ராமநாதபுரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தருகிறார்கள். படிவம் 4ஏ, கட்டணம் 1000 ரூபாய், 1 வருடம் செல்லும். உன் லைசென்ஸில் 'கியர் உள்ள மோட்டார் சைக்கிள்' இருக்கிறதா என்று முதலில் பார்.

வியட்நாம் போகிறாய் என்றால் இன்னொன்று. நம் அனுமதி 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி வழங்கப்படுவது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தப்படியான அனுமதியை. வாடகைக் கடைக்காரர் எதுவும் கேட்காமல் சாவியைக் கொடுப்பார். ஆனால் விபத்து என்று வந்தால் 'செல்லுபடியாகும் உரிமம் இல்லை' என்று இன்ஷூரன்ஸ் கை விரித்துவிடும். முதல் தடவை இது தெரியாமல் 125 சிசி ஓட்டினேன். இரண்டாம் தடவை 50 சிசிக்குக் குறைவான வண்டிதான் எடுத்தேன், அதற்கு அங்கே உரிமம் தேவையில்லை. ஹைவான் கணவாய் ஏற்றத்தில் அது மூச்சு வாங்கியது, பின்னால் வந்த சைக்கிள்காரர் சிரித்தார். சிரிக்கட்டும். எந்த பாலிசி எடுத்தாலும் பைக் உண்டா, எத்தனை சிசி வரை என்று எழுத்தில் வாங்கிக்கொள்.

மண்டபம் தங்கச்சி: அண்ணா, நான் பின்னால் உட்காரப் போகிறவள். எனக்கு என்ன வேலை?

பாதி வேலை உன்னுடையதும்மா. ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் 'கோடு எங்கே?' என்று கேள். 'கிளட்ச் கைப்பக்கம்' என்று மாப்பிள்ளை வாயால் சொன்ன பிறகுதான் வண்டி நகர வேண்டும். பத்து தடவைக்குப் பிறகு எரிச்சல்படுவார், விடாதே. ஒரு பக்கமாக உட்காராதே. இங்கே காலைத் தொங்கப் போடுகிற இடது பக்கம் ரோட்டோரம். அங்கே அதே பக்கம் வண்டிகள் போகிற பக்கம். சுடிதார் போட்டு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார். ஏறி இறங்கும்போதும் பின்னால் பார்த்துக்கொள்.

தொண்டி மெக்கானிக் ஒருவர்: சொந்த வண்டியைக் கொண்டு போனால்?

நம் வண்டியை எளிதாக ஓட்டிக்கொண்டு போகக்கூடியது நேபாளமும் பூட்டானும், அங்கே நம்மைப் போல இடது பக்கம். இலங்கையில் இறங்கினாலும் இடதுதான், தாய்லாந்தும் இடதுதான். தாய்லாந்திலிருந்து மேகாங் ஆற்றுப் பாலம் தாண்டி லாவோஸ் போனால் வலதுக்கு மாற வேண்டும்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். நம் வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டின் டிம் வெளிச்சம் இடது ஓரம் பார்த்து ஏறும்படி அமைந்திருக்கும். அங்கே அது எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும், ஹெட்லைட் கண்ணாடியில் அந்தப் பகுதிக்கு டேப் ஒட்டுங்கள். சைடு ஸ்டாண்டையும் கவனியுங்கள். இங்கே இடது ஓரத்தில் நிறுத்தினால் ரோட்டின் சரிவும் ஸ்டாண்டின் சாய்வும் ஒரே பக்கம். அங்கே வலது ஓரத்தில் ரோடு வலது பக்கம் சரியும், ஸ்டாண்டு இடது பக்கம். வண்டி நெட்டுக்குத்தாக நிற்கும், ஒரு காற்று அடித்தால் வலது பக்கம் சாய்ந்துவிடும். லக்கேஜ் ஏற்றிய வண்டி என்றால் சமதளம் தேடி நிறுத்துங்கள்.

உப்பூர் நண்பர்: வாடகை வண்டி எடுக்கும்போது?

பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுக்காதீர்கள். ஒரு கடையில் கொடுத்துவிட்டு, பழைய கீறலுக்கு நான் பணம் கட்டி அதை மீட்டேன். நகலும் முன்பணமும் போதும். சாவி வாங்கும் முன் வண்டியைச் சுற்றி வீடியோ எடுங்கள். இரண்டு கண்ணாடியும் இருக்கிறதா பாருங்கள், முக்கியமாக இடது. முந்துவது இனி அந்தப் பக்கம்தான். ஹெல்மெட் மட்டும் ஊரிலிருந்தே கொண்டு போங்கள்.

சாயல்குடி அண்ணன்: மஸ்கட் பக்கம் காற்றும் மணலும் பயமாக இருக்குமாமே?

பாம்பன் பாலத்தில் ஆடி மாதம் ஓட்டுகிறவருக்கு அந்தப் பயம் எதற்கு? அரிச்சல்முனை போகிற வழியில் ரோட்டில் ஏறிக் கிடக்கும் மணலில் எப்படிப் போவீர்களோ அப்படித்தான். பிரேக்கை முன்பே பிடித்து வேகத்தைக் குறைத்துவிடுங்கள், மணலுக்குள் போனதும் பிரேக்கைத் தொடாதீர்கள். மழை பெய்தால் மட்டும் 'வாதி' என்று அங்கே சொல்கிற ஓடைகளில் இறங்க வேண்டாம். காய்ந்து கிடக்கும் ஓடையில் மலைத் தண்ணீர் திடீரென்று வந்துவிடும்.

தங்கச்சிமடத்துத் தம்பியே மறுபடி: திரும்பி வந்ததும் பழையபடி ஆகிவிடுமா பாய்?

உடனே ஆகாது. மதுரை விமான நிலையத்திலிருந்து வீடு வரை வேறு யாராவது ஓட்டட்டும். நூலையும் மறக்காமல் ஆக்சிலேட்டர் பக்கம் மாற்றிக் கட்டு. நான் வந்த மறுநாள் காலையில் பால் வாங்கப் போனேன். ரோட்டில் ஒரு ஆள் இல்லை. எதிரே வந்த ஆட்டோ என் முன்னாலேயே நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "என்ன பாய், இன்னும் மஸ்கட்லயா இருக்கீங்க?" என்றார்.