ரெண்டாவது தடவை ஓட்டு கேட்டு அதே தெருவுக்குப் போறப்போ

2022 பிப்ரவரியில ஜெயிச்சு வந்த கவுன்சிலருங்களோட அஞ்சு வருஷம் 2027 மார்ச்சோட முடியுது, அதனாலதானோ என்னவோ இந்த தடவை வந்த கடிதம், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாமே வார்டு, சீட்டு, மறுபடி நிக்கலாமா வேண்டாமான்னுதான் இருக்கு. புதுசா படிக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிடறேன். சென்னைக்குத் தெற்கால ஒரு புறநகர் நகராட்சியில 1996-ல ஒரு தடவை, 2006-ல ஒரு தடவை கவுன்சிலரா இருந்தவ நான். நடுவுல 2001-ல தோத்தேன். மூணு தடவையும் அதே வார்டு, அதே ஜனங்கதான்.

கே: அக்கா, நான் ஒரு புறநகர் மாநகராட்சியில முதல் தடவையா ஜெயிச்சு வந்த கவுன்சிலர். பாதாள சாக்கடைக்குத் தோண்டினது தோண்டினபடி கிடக்கு, ரோடு போடல. தெருவுல நான் நடந்து வந்தாலே சில வீட்டுல கதவைச் சாத்துறாங்க. மறுபடி நிக்கணும்னு ஆசை இருக்கு. எந்த முகத்தோட போய் ஓட்டு கேக்கறது?
— பெயர், ஊர் வேண்டாம்

ப: தங்கச்சி, கதவைச் சாத்துறவங்களைப் பத்தி ரொம்பக் கவலைப்படாதீங்க, அவங்களுக்கு உங்க மேல கோவம் இருக்கு, கோவம் இருக்கற இடத்துல எதிர்பார்ப்பும் இருக்குன்னு அர்த்தம். நான் தோத்த கதையை சொல்றேன், உங்களுக்கு உபயோகப்படும்.

2000-ல எங்க வார்டுல ஒரு குறுக்குத் தெருவுக்கு சிமெண்ட் ரோடு வாங்கிட்டு வந்தேன். ஒன்றரை வருஷம் நகராட்சி ஆபீசுக்கு நடையா நடந்து வாங்கினது. பழைய தார் ரோட்டை சுரண்டி எடுக்காம அது மேலயே போட்டாங்க, ஒரு ஜாண் ஒசந்துடுச்சு. அப்போ அது எனக்குத் தப்பா தெரியவே இல்ல, ரோடு பளபளன்னு இருந்துச்சு, தெரு முனையில கல்வெட்டுல என் பேரு, சந்தோஷம் தாங்கல. அடுத்த வருஷம் தேர்தல் வந்துச்சு, நான் அந்தத் தெருவுலதான் முதல்ல ஓட்டு கேக்கப் போனேன், ஏன்னா அங்கதான் நான் செஞ்ச வேலை கண்ணுக்குத் தெரியுதுன்னு நினைச்சேன். மூணாவது வீட்டுல ஒரு பாட்டி. வாசல்ல ரெண்டு வரிசை செங்கல்லை அடுக்கி சிமெண்ட் பூசி வெச்சிருந்தாங்க, அதைத் தாண்டித்தான் உள்ள போகணும். திட்டல. உள்ள கூட்டிட்டுப் போய் அரிசி டிரம்மைக் காட்டினாங்க. டிரம்மோட வெளியில, அடியிலேர்ந்து நாலு விரக்கடை ஒசரத்துல துருப்பிடிச்ச கோடு ஒண்ணு சுத்திலும் ஓடுது. முந்தின மழையில தெருத் தண்ணி வீட்டுக்குள்ள வந்து நின்ன கோடு. "நீ போட்ட ரோடுதாம்மா"ன்னாங்க. அவ்வளவுதான் பேச்சு. அந்த வரிசையில இருந்த பதினாலு வீடும் ரோட்டுக்குக் கீழ போயிருந்துச்சு, அடுத்த தெருவுலயே குடியிருந்துக்கிட்டு அதை நான் ஒரு மழையில கூட போய்ப் பார்க்கல. 61 ஓட்டுல தோத்தேன்.

2006-ல மறுபடி நின்னப்போ பிரச்சாரத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடியே போனேன். கொடி இல்ல, கட்சிக்காரங்க இல்ல, நான் மட்டும், கையில ஒரு நோட்டு. ஒவ்வொரு வீட்டுலயும் முதல்ல ரோடு விஷயத்தை நானே எடுத்தேன். சுரண்டாம போட விட்டது என் தப்புன்னு சொன்னேன். சொல்லும்போது தொண்டை அடைச்சுது, ஆனா சொல்லி முடிச்சதும் ஜனங்க பேச ஆரம்பிச்சாங்க. (2021-ல அப்போ தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு, பழைய ரோட்டை சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்னு உத்தரவு போட்டார். அதைப் பேப்பர்ல படிச்ச அன்னிக்கு எனக்கு அந்த டிரம்தான் ஞாபகம் வந்துச்சு.)

நீங்களும் அதையே செய்யுங்க. தெருவுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்க. என்ன கேட்டாங்க, என்ன முடிஞ்சுது, எது நடக்கல, ஏன் நடக்கல. பாதாள சாக்கடைக்கு ஏ.இ.யை, அதாவது உதவிப் பொறியாளரைப் பிடிச்சு உக்கார வெச்சு மூணு விஷயம் கேட்டு வாங்கிக்குங்க: உங்க வார்டுல எந்தெந்தத் தெருவுக்கு மெயின் பைப் பதிச்சாச்சு, வீட்டு இணைப்பு எத்தனை பாக்கி, தோண்டின ரோட்டை சரி பண்ற காசு எந்த வேலையில சேர்ந்திருக்கு. பள்ளத்தை மூடின உடனே ரோடு போட்டா மண்ணு இறங்கி அடுத்த மழையில உள்வாங்கிடும், அதனால கொஞ்ச நாள் விடறாங்கன்றதை ஜனங்ககிட்ட யாருமே எடுத்து சொல்றதில்ல. சொன்னா புரிஞ்சுக்குவாங்க. தேதி மட்டும் கொடுக்காதீங்க, ஏன்னா அந்தத் தேதி உங்க கையில இல்ல.

இன்னொண்ணும் கண்டிப்பா கேப்பாங்க, சொத்து வரி. நீங்க பதவிக்கு வந்து ஒரு மாசம் கூட முடியல, 2022 ஏப்ரல்ல வரி உயர்வு வந்துடுச்சு, சென்னைக்கு வெளியில இருக்கற ஊருங்களுக்கு வீட்டு அளவைப் பொறுத்து 25 சதவீதத்துலேர்ந்து 100 சதவீதம் வரைக்கும். மன்றத்துல தீர்மானம் வந்தப்போ நீங்க கை தூக்கினீங்களா இல்லையா, ஏன்னு நேரா சொல்லிடுங்க. "அது மேலிடத்து முடிவு"ன்னு மட்டும் சொல்லிட்டு நகராதீங்க, அந்த ஹால்ல உங்களுக்கு ஒரு நாற்காலி வாங்கிக் கொடுத்ததே இவங்கதான்.

கே: எங்க வார்டு கவுன்சிலர் அம்மாவை அஞ்சு வருஷத்துல நாலு தடவைதான் பார்த்திருப்போம். எல்லாத்துக்கும் அவங்க வீட்டுக்காரர்தான் வர்றார், நல்லாத்தான் பேசறார், வேலையும் ஓரளவு நடக்குது. மறுபடி அந்தம்மாவே நிக்கறாங்களாம். ஓட்டு போடலாமா?
— வாசகர், பெயர் வேண்டாம்

ப: இந்தக் கேள்விக்கு நான் எதிர்க்கட்சிக்காரி மாதிரி பதில் சொல்ல முடியாதுங்க, ஏன்னா 1996-ல முதல் வருஷம் எங்க வீட்டுலயும் இதேதான் நடந்துச்சு. பெண்களுக்கு மூணுல ஒரு பங்கு ஒதுக்கி நடந்த முதல் உள்ளாட்சித் தேர்தல் அது. நகராட்சியிலேர்ந்து ஆளு ஃபைலோட வந்தா, என்னைத் தாண்டிப் போய் அவர்கிட்ட நீட்டுவாங்க. நான் காபி போட்டுட்டு வந்து நிப்பேன். ஒரு நாள் டம்ளரைக் கீழ வெச்சுட்டு ஃபைல் மேல கையை வெச்சு "இது என் வார்டு, என்கிட்ட சொல்லுங்க"ன்னேன். வந்தவருக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு, எங்க வீட்டுக்காரருக்கும்தான். ஆனா அடுத்த வாரத்துலேர்ந்து ஃபைல் என்கிட்ட வந்துச்சு.

அதனால அந்தம்மாவுக்கு ஒரு சந்தர்ப்பம் குடுங்க, ஆனா சும்மா குடுக்காதீங்க. நாலு பேரா சேர்ந்து வீட்டுக்குப் போங்க, மனுவை அந்தம்மா கையில மட்டும் குடுங்க, "நீங்களே பதில் சொல்லுங்கம்மா, நாங்க காத்திருக்கோம்"னு சொல்லுங்க. பொம்பளைங்க போனா இன்னும் நல்லது. மன்றக் கூட்டத்துல அவங்க என்ன பேசினாங்கன்னு பார்க்கணும்னா தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபாய் கட்டி கூட்ட நடவடிக்கைக் குறிப்பு கேளுங்க. வீட்டுக்காரர் நல்லா வேலை செய்யறார்னா அவர் பொது வார்டுல நின்னு ஜெயிச்சு செய்யட்டும், யாரு வேண்டாம்னா. 2016-ல ஒதுக்கீட்டை 50 சதவீதமா ஆக்கினது பொம்பளைங்க அந்த நாற்காலியில உக்காரணும்னுதான். அந்தம்மா உங்க முன்னாடி ரெண்டு வார்த்தை சொந்தமா பேசினாங்கன்னா போடுங்க, நான் போடுவேன். கடைசி வரைக்கும் கதவுக்குப் பின்னாலயே நின்னாங்கன்னா வேற ஆளைப் பாருங்க.

கே: கவுன்சிலர் தேர்தல்ல நிக்க எவ்வளவு செலவாகும்? ஒரு தடவை ஜெயிச்சவங்க அடுத்த தடவை கோடிக்கணக்குல செலவு பண்றாங்கன்னு சொல்றாங்களே?
— கல்லூரி மாணவர், ஆவடி

ப: சட்டப்படி சொல்றேன் தம்பி. 2022-ல மாநகராட்சி கவுன்சிலருக்கு டெபாசிட் 4,000 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. வேட்பாளருக்கு 2,000. செலவு உச்சவரம்பு சென்னைக்கு 90,000, மத்த மாநகராட்சிக்கு 85,000. ரிசல்ட் வந்து 30 நாளுக்குள்ள கணக்கு காட்டணும், ஜெயிச்சாலும் தோத்தாலும். அடுத்ததுக்கு எவ்வளவுன்னு தேர்தல் ஆணைய அறிவிப்பு வர்றப்போ பார்த்துக்கலாம்.

மாநகராட்சி கவுன்சிலருக்கு 2023 ஜூலையிலேர்ந்துதான் மாசம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் வருது. அஞ்சு வருஷம் முழுசா வாங்கினாலும் ஆறு லட்சம். அதை வெச்சு, செலவு பண்றவங்க கணக்கை நீங்களே போட்டுப் பாருங்க. வீடு கட்டறவங்ககிட்ட வாங்கறது, ரோடு கான்ட்ராக்ட்ல வாங்கறது எல்லாம் இந்தக் காசை திருப்பி எடுக்கத்தான். நான் 2006-ல நோட்டீசு, ஒரு ஆட்டோ, மைக்செட், பூத்துல உக்கார்ற பசங்களுக்கு சாப்பாடு, இவ்வளவுதான் செலவு பண்ணி ஜெயிச்சேன். இப்போ முடியாதுன்னு எல்லாரும் சொல்றாங்க, நான் நம்பல.

கே: மறுபடி நிக்கப் போறேன்னு எங்க கவுன்சிலர் சுவர்ல எழுத ஆரம்பிச்சுட்டார். அஞ்சு வருஷத்துல என்ன செஞ்சார்னு நாங்க எங்க போய்க் கேக்கறது? ஃப்ளாட்ல குடியிருக்கோம், அக்கம்பக்கம் யாரையும் பெருசா தெரியாது.
— குடும்பத் தலைவி, குரோம்பேட்டை

ப: ஏரியா சபைன்னு ஒண்ணு இருக்கு, கேள்விப்பட்டிருக்கீங்களாம்மா? கிராம சபை மாதிரி நமக்கும். 2022 நவம்பர் 1-ம் தேதி முதல் தடவையா நடந்துச்சு, உங்களுக்குப் பக்கத்துல பம்மல்லதான், உங்க தாம்பரம் மாநகராட்சியிலயேதான், அப்போ முதலமைச்சர் ஸ்டாலின் வந்து உக்கார்ந்து ஜனங்க பேசறதைக் கேட்டார். ஒவ்வொரு வார்டையும் சின்னச் சின்ன ஏரியாவா பிரிச்சு, ஓட்டு இருக்கற எல்லாருமே அந்தந்த சபைக்கு உறுப்பினர். நீங்களும்தான். அடுத்த கூட்டம் எப்போன்னு மண்டல ஆபீஸ்ல கேளுங்க, கூட்டம் போடலன்னா ஏன் போடலன்னு எழுதிக் குடுத்துக் கேளுங்க. அங்க போய் பொதுவா "ஒண்ணும் செய்யல"ன்னு சொல்லாதீங்க. "பிள்ளையார் கோயில் முனையில லைட்டு மூணு மாசமா எரியல, புகார் நம்பர் இது"ன்னு சொல்லுங்க. அப்படிக் கேட்டா தப்பிக்க முடியாது.

ஃப்ளாட்காரங்ககிட்ட எனக்கு ஒரு வருத்தம் உண்டு, மனசு நோகாதீங்க. 2022-ல தமிழ்நாடு முழுக்க சுமார் 60 சதவீதம் ஓட்டு விழுந்துச்சு, சென்னையில 43 சதவீதம்தான். கேட்டுக்குள்ள தண்ணி லாரி வருது, குப்பைக்கு ஆள் வருது, அசோசியேஷன் பார்த்துக்குது, அதனால கவுன்சிலர் யாரா இருந்தா என்னன்னு இருந்துடறோம். ஆனா அந்த லாரி எந்த ரோட்டுல வருது, உங்க செப்டிக் டேங்க் தண்ணி எந்த ஏரிக்குப் போகுது? எந்த கவுன்சிலரும் ஓட்டு போடற தெருவுக்குத்தான் முதல்ல போவாங்க, நானும் அப்படித்தான் போனேன். நூறு வீட்டுக்காரங்க ஒண்ணா வந்து ஓட்டு போட்டீங்கன்னா உங்க கேட்டுக்கும் வருவாங்க.

கே: நல்லா வேலை செஞ்சேன், ஆனா கட்சியில இந்த தடவை சீட்டு இல்லன்னு சொல்லிடுவாங்க போல. சுயேச்சையா நின்னுடவா?
— நகராட்சி கவுன்சிலர், பெயர் வேண்டாம்

ப: நின்னா ஜெயிக்கலாம்ங்க, சுயேச்சையா ஜெயிச்சவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. ஆனா நாளைக் கணக்கு பண்ணிக்குங்க. 2022-ல வேட்புமனு வாபஸ் வாங்க கடைசி நாள் பிப்ரவரி 7, அதுக்கப்புறம்தான் சுயேச்சைக்கு சின்னம். ஓட்டுப்பதிவு 19. பிரச்சாரம் ரெண்டு நாள் முன்னாடியே முடிஞ்சுடும். பத்தே நாள்ல ஒரு புது சின்னத்தை ஒவ்வொரு பாட்டிக்கும் தாத்தாவுக்கும் மனசுல பதிய வைக்கணும், அவங்க ஆயுசு முழுக்க ஒரே சின்னத்தைப் பார்த்து அமுக்கினவங்க. உங்க பேரைச் சொன்னா தெரு தெருவா முகம் தெரியணும், அப்போதான் முடியும். நகராட்சித் தலைவரை கவுன்சிலருங்கதான் ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுக்கறாங்க, அதனால கட்சிக்கு, வேலை செய்யற ஆளை விட அந்த ஓட்டை மாத்திப் போடாத ஆள் முக்கியமா தெரியும், உங்களுக்கு சீட்டு இல்லாததுக்கு அதுவும் காரணமா இருக்கலாம். கோவத்துல மட்டும் நிக்காதீங்க. நாலு தெருவுல நாலு பேர்கிட்ட கேளுங்க, "நீங்க நில்லுங்க, நாங்க பார்த்துக்கறோம்"னு அவங்களா சொன்னா நில்லுங்க.

கே: எங்க அம்மா கவுன்சிலர். மறுபடி நிக்கறாங்க. தோத்துட்டா தாங்கமாட்டாங்களோன்னு பயமா இருக்கு ஆண்ட்டி. அன்னிக்கு நான் என்ன பண்றது?
— ப்ளஸ் டூ மாணவி

ப: கண்ணு, 2001-ல ரிசல்ட் அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடல, எங்க வீட்டுல யாரும் சாப்பிடல. மறுநாள் காலையில ஆறு மணி கூட ஆகல, கதவைத் தட்டற சத்தம். ரெண்டு தெரு தள்ளி இருக்கற ஒரு அம்மா, கையில ஒரு சொம்பு. குழாய்த் தண்ணியில சாக்கடை கலந்து வருது, மோந்து பாருன்னு மூக்குக்கிட்ட நீட்டினாங்க. நான் தோத்தது அவங்களுக்கு நல்லாத் தெரியும், ஓட்டு எனக்குப் போட்டாங்களா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. எங்க வீட்டுக்காரர் "இனிமே இவ கவுன்சிலர் இல்லம்மா, புதுசா ஜெயிச்சவர்கிட்ட போங்க"ன்னு சொல்ல வாயெடுத்தார். நான் செருப்பை மாட்டிக்கிட்டேன். ஃபிட்டர் வீடு எனக்குத்தான் தெரியும்.

அன்னிக்கு உங்க அம்மாகிட்டேர்ந்து போனை வாங்கி வெச்சுக்காத. ஆஃப் பண்ணவும் விடாத. காலையில யாராவது கூப்பிடுவாங்க.