ஏற்காடு மலைப்பாதைக்கு அகலமான டயர் தேவையா?

225/45 ஆர்18 டயருடன் (அகலம் 225 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 45 விழுக்காடு, டயர் மாட்டப்படும் உலோகச் சக்கரமான ரிம்மின் விட்டம் 18 அங்குலம்) வந்த, திறன் மிகுந்த ஸ்போர்ட்ஸ் செடானைச் சேலத்தில் வைத்துக்கொண்டு அடிக்கடி ஏற்காடு செல்லும் நீங்கள், 245/40 ஆர்18 அளவுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறலாம், ஆனால் முதலில் ரிம்மின் அகலத்தைப் பாருங்கள். பழைய டயரின் விட்டம் ஏறத்தாழ 660 மி.மீ., புதியதன் விட்டம் 653 மி.மீ. என்பதால் ஸ்பீடோமீட்டரில் ஒரு விழுக்காடு அளவே வேறுபாடு வரும். எனினும் 245 அகல டயருக்குக் குறைந்தது 8 அங்குல ரிம் வேண்டும். அதனினும் குறுகிய ரிம்மில் மாட்டினால் பக்கச்சுவர் பிதுங்கி, ஸ்டீயரிங்கின் துல்லியம் மங்கிவிடும்.

அகலம் கூடினால் சாலையைத் தொடும் பரப்பும் அதே அளவு கூடும் என்று பலர் நம்புகிறார்கள். காற்றழுத்தம் மாறாதவரை அப்பரப்பு பெரிதாக மாறுவதில்லை. நீளம் குறைந்து அகலம் கூடுகிறது, அவ்வளவே. அந்த வடிவம் வளைவுகளில் உதவும் என்பது உண்மைதான், ஆயினும் பிடிமானத்தை அதைவிட அதிகமாகத் தீர்மானிப்பது ரப்பர் கலவை. ஆகவே அதே 225 அளவில் ஈரச்சாலைப் பிடிமானம் சிறந்த டயரை வாங்குவதையே நான் முதலில் பரிந்துரைப்பேன், ஏனெனில் மழை பெய்து நீர் தேங்கிய பெங்களூரு நெடுஞ்சாலையில் வேகமாகச் செல்லும்போது, அகலமான டயர் நீரை வெளியேற்றத் திணறி எளிதில் மிதக்கத் தொடங்கும்.

அகலமானதுதான் வேண்டுமென்றால், ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் மனத்தில் வைத்து, ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுமையாகத் திருப்பி, டயர் எங்கும் உரசவில்லை என்பதைக் கடையிலேயே உறுதிசெய்யுங்கள். டயர் தாங்கக்கூடிய எடையைக் காட்டும் சுமைக் குறியீடும், அதன் உச்ச வேகத்தைக் காட்டும் வேகக் குறியீடும் பழைய டயரினுடையதைவிடக் குறையக் கூடாது.