குடுமி யார் கையில்? சர்வர், ஸ்விட்ச், கிளவுட்: கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கிளவுட் (இன்டர்நெட் வழி வாடகைக்கு எடுக்கும் சர்வர்) பற்றியவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன். கணினிகளையும் கேமராக்களையும் கேபிளால் இணைக்கும் பெட்டியான ஸ்விட்சின் மாடல் எண்கூட எழுதாமல் "ஸ்விட்ச் சரியில்லை, என்ன செய்வது?" என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் இல்லை.

எங்கள் நிறுவனத்தில் 50 பேர். நல்ல சர்வர் ஒன்று சொல்லுங்கள். பட்ஜெட் பிரச்சினை இல்லை. (கரூர்)

தயவுசெய்து கடைசி வாக்கியத்தை வெண்டரிடம் சொல்லிவிடாதீர்கள். 50 பேர் சரி, என்ன செய்கிறார்கள்? டேலியா, எஸ்க்யூஎல் டேட்டாபேஸ் மேல் ஓடும் இஆர்பியா (மொத்த நிறுவனத்தையும் நிர்வகிக்கும் மென்பொருள்), எல்லாரும் ரிமோட் டெஸ்க்டாப்பில் சர்வருக்குள்ளேயே வந்து உட்கார்கிறார்களா? ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பெட்டி. இப்போதிருக்கும் சர்வரில், விண்டோஸிலேயே இருக்கும் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரை ஒரு வாரம் ஓட விடுங்கள். அந்த வாரத்தில் ஜிஎஸ்டி தாக்கல் நாள் கட்டாயம் இருக்கட்டும். பெரும்பாலும் திணறுவது சிபியு இல்லை, மெமரியும் டிஸ்க்கும்தான். படிக்கவோ எழுதவோ டிஸ்க் ஒவ்வொரு முறையும் 20 மில்லி செகண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டால், எத்தனை கோர் (சிபியுவுக்குள் வேலை செய்யும் அலகு) வாங்கிப் போட்டாலும் பில் போடும் பெண் காத்துக்கொண்டுதான் இருப்பார்.

கோர் என்றதும் இன்னொன்று. விண்டோஸ் சர்வர் லைசென்ஸ் ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர் என்று கணக்கிடப்படுகிறது. 16 கோர் பிராசஸர் ஒன்றே போதும் என்ற இடத்தில் இரண்டைப் போட்டால் லைசென்ஸ் செலவும் இரட்டிப்பு. அளக்காமல் வாங்காதீர்கள்.

12 டிபி சாட்டா டிஸ்க் நான்கு இருக்கிறது. ரெய்டு 5 போதுமா? (ஈரோடு)

போதாது. ரெய்டு என்பது டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும்படி பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் முறை. 5-இல் ஒரு டிஸ்க் போனால் மீதி மூன்றையும் முழுக்கப் படித்துத்தான் புதியதை நிரப்ப முடியும். அதற்கு ஒரு நாளாவது ஆகும், அலுவலக வேலையும் நடந்தால் இன்னும் கூட. அதற்குள் இன்னொன்று படுத்தால் எல்லாம் போச்சு. நான்கு டிஸ்க்கில் ரெய்டு 6 போட்டாலும் 10 போட்டாலும் கையில் கிடைப்பது 24 டிபிதான். டேட்டாபேஸ் என்றால் 10, வெறும் ஃபைல்கள் என்றால் 6. அப்புறம், ரெய்டு பேக்கப் அல்ல.

24 போர்ட் பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே கரண்டும் அனுப்பும்) ஸ்விட்சில் 20 கேமரா. பகலில் ஒழுங்காக ஓடுகிறது, இரவில் நாலைந்து கேமரா தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. ஸ்விட்சை மாற்றியும் பார்த்தாகிவிட்டது. (ஒசூர்)

இருட்டியதும் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியத் தொடங்கும். பகலில் 7 வாட் இழுத்தது இரவில் 11 வாட் இழுக்கும். 20 கேமராவுக்குப் பகலில் 140, இரவில் 220. ஸ்விட்சின் பெட்டியில் "போர்ட்டுக்கு 30 வாட்" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். மொத்தமாக எவ்வளவு தரும் என்பது டேட்டாஷீட்டின் உள்ளே இருக்கும். 24 போர்ட்டில் 195 வாட் மாடலும் உண்டு, 370 வாட் மாடலும் உண்டு. உங்களுடையது முதல் வகையாக இருக்க வேண்டும். மாற்றிப் போட்டதும் அதே மாடல்தானே? பிறகு எப்படிச் சரியாகும்?

370 வாட் மாடலுக்குப் போங்கள், அல்லது கேமராக்களை இரண்டு ஸ்விட்சுகளில் பிரித்துப் போடுங்கள். அதுவரை வாசல், கேஷ் கவுன்டர் கேமராக்களின் போர்ட்டுக்கு பிஓஇ முன்னுரிமையை உயர்த்தி வையுங்கள். அதன் பிறகும் தூரத்துக் கேமரா மட்டும் மக்கர் செய்தால் கேபிளின் நுனியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். கேட் 6 (Cat 6, செம்புக் கேபிளின் தரம்) என்று அச்சடித்து மலிவாக விற்கிறார்கள். அதில் 80 மீட்டருக்குக் கரண்ட் அனுப்பினால் பாதி வழியிலேயே கரைந்துவிடும்.

பழைய டிராயிங் ஃபைல்கள் 10 டிபி இருக்கின்றன. எல்லாவற்றையும் கிளவுடுக்கு ஏற்றிவிட்டு ஃபைல் சர்வரை மூடிவிடலாம் என்கிறார் எங்கள் ஆலோசகர். (கோவை)

ஏற்றுவதற்குக் காசு கேட்க மாட்டார்கள். இறக்குவதற்குத்தான் பில் வரும். மும்பை ரீஜனிலிருந்து (ரீஜன் என்பது கிளவுட் சர்வர்கள் இருக்கும் இடம்) வெளியே எடுக்க ஒரு ஜிபிக்கு ஏறக்குறைய 9, 10 ரூபாய். 10 டிபியையும் ஒருமுறை திரும்ப எடுத்தால் லட்ச ரூபாய்க்குப் பக்கத்தில், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. நேரக்கணக்கும் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் லைனை முழுசாகக் கொடுத்தாலே ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். நடைமுறையில் இரண்டு வாரம். ஒரு 400 எம்பி அசெம்பிளி ஃபைலைத் திறக்க டிசைனர் அரை நிமிடத்துக்கு மேல் காத்திருப்பாரா என்று ஆலோசகரைக் கேளுங்கள்.

தினமும் திறக்கும் டிராயிங் உள்ளே இருக்கட்டும். கிளவுடில் அதன் இரண்டாவது பேக்கப்பை வையுங்கள், அழிக்கவோ மாற்றவோ முடியாதபடி ஆப்ஜெக்ட் லாக் போட்டு. கணக்குப் புத்தகங்கள் விஷயம் வேறு. 2022-இல் கம்பெனி விதிகளில் வந்த திருத்தத்தின்படி, அவற்றின் பேக்கப் தினமும் இந்தியாவிலேயே உள்ள சர்வரில் இருக்க வேண்டும். எனவே ரீஜன் தேர்வில் மும்பையா, ஹைதராபாத்தா, சென்னையா என்று பார்த்துச் சொடுக்குங்கள். விலை குறைவு என்று அமெரிக்க ரீஜனைத் தட்டிவிட வேண்டாம்.

விஎம்வேர் ரினியூவல் கொட்டேஷனைப் பார்த்து முதலாளி கோபப்படுகிறார். (சென்னை, திருப்பூர், சேலம்)

ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டும் மென்பொருள் விஎம்வேர். அந்த நிறுவனத்தை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். இப்போது எல்லாம் சந்தா, அதுவும் கோர் கணக்கில், ஒரு சிபியுவுக்குக் குறைந்தது 16 கோர். 8 கோர் சிபியு இரண்டு வீதம் இரண்டு ஹோஸ்ட் (விஎம்கள் ஓடும் சர்வர்) வைத்திருப்பவரிடம் இருப்பது 32 கோர், கட்டுவது 64-க்கு. முதலாளி கோபத்தில் நியாயம் இருக்கிறது.

கையிலிருக்கும் நிரந்தர லைசென்ஸ் ஓடும், ஆனால் சப்போர்ட் இல்லை. 7-ஆம் பதிப்பின் ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்தது. விண்டோஸ் டேட்டாசென்டர் லைசென்ஸ் ஏற்கனவே இருந்தால் மைக்ரோசாஃப்டின் மாற்றான ஹைப்பர்-வி கையிலேயே இருக்கிறது. லினக்ஸ் தெரிந்தவர் ஒருவர் நிரந்தரமாக இருந்தால் இலவச மாற்றான பிராக்ஸ்மாக்ஸ். அந்த ஒருவர் இல்லாமல் இலவசம் என்று இறங்காதீர்கள். எதற்கு மாறினாலும், உங்கள் பேக்கப் மென்பொருள் அதை ஆதரிக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரே சனி, ஞாயிறில் எல்லா விஎம்மையும் நகர்த்துவதாகச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

கிளவுட், ஃபயர்வால், ஸ்விட்ச் எல்லாம் ஒரே வெண்டர் போட்டுத் தந்தது. ஏஎம்சி (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) தகராறில் அவர் போனை எடுப்பதில்லை. எந்தப் பாஸ்வேர்டும் எங்களிடம் இல்லை. (மதுரை, மருத்துவமனை நிர்வாகி)

இந்தக் கடிதம் எந்த மாதமும் தவறுவதில்லை, ஊர் மட்டும் மாறும். 40 லட்சத்துக்கு பர்ச்சேஸ் ஆர்டர் போடுகிறவர்கள், அதில் "எல்லா அட்மின் கணக்குகளும் ஒப்படைக்கப்பட்ட பிறகே கடைசி 10 சதவீதம்" என்று ஒரு வரி சேர்க்க மாட்டேன் என்கிறார்கள். வீட்டைக் கட்டிவிட்டுப் பத்திரத்தைத் தரகர் பெயரில் எழுதுவதுதான் இது. வெண்டரின் ஜிமெயிலில் திறந்த கிளவுட் கணக்கு வெண்டருடைய கணக்கு. ஓடிபி போவது அவருடைய ஊழியரின் போனுக்கு. அந்த ஊழியர் போன தீபாவளிக்கே வேலையை விட்டுப் போயிருப்பார். நோயாளிகளின் ரிக்கார்டு உங்களுடையது, குடுமி அவர் கையில்.

இப்போது செய்ய வேண்டியது. சண்டையைத் தள்ளி வையுங்கள், முதலில் டேட்டா. கிளவுடில் உங்கள் ஆட்கள் யாருக்காவது ஏதேனும் லாகின் இருக்கிறதா, அதற்கு ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்த நேரத்து நகல்) எடுக்கும் அனுமதி உண்டா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் பெயரில், உங்கள் ஜிஎஸ்டி எண்ணில் புதுக் கணக்கு திறந்து, அதே ரீஜனில் ஸ்னாப்ஷாட்டைப் பகிர்ந்துகொள்ளலாம். ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட்) என்றால் ஒரு முடிச்சு உண்டு. அவர்களே தரும் டிஃபால்ட் சாவியில் என்கிரிப்ட் ஆன ஸ்னாப்ஷாட்டைப் பகிர முடியாது. நீங்கள் உருவாக்கிய சாவியில் ஒரு நகல் எடுத்து, அந்தச் சாவிக்கும் அனுமதி கொடுத்த பிறகே பகிர வேண்டும். லாகினே இல்லையென்றால் அப்ளிகேஷனுக்குள்ளிருந்து எக்ஸ்போர்ட் ஆவதை எல்லாம் இன்றே இறக்குங்கள். பிறகு வக்கீல்.

ஸ்விட்ச் அவ்வளவு பயமுறுத்தாது. கன்சோல் கேபிளைச் செருகி, முன்பக்க பட்டனை அழுத்தியபடி கரண்ட் கொடுத்தால் பல சிஸ்கோ கேட்டலிஸ்ட் மாடல்களில் பாஸ்வேர்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், கான்ஃபிக் (ஸ்விட்சின் அமைப்புகள்) அப்படியே இருக்கும். வெண்டர் அந்த வசதியை அணைத்து வைத்திருந்தால் கான்ஃபிக் முழுக்கப் போய்விடும். அதனால் ஞாயிறு செய்யுங்கள், எந்த போர்ட்டில் எது என்று அதற்கு முன்பே படம் எடுத்து வையுங்கள். சர்வரைத் தூரத்திலிருந்தே நிர்வகிக்க உதவும் ஐஎல்ஓ, ஐடிராக் வசதியின் தொடக்கப் பாஸ்வேர்டு, முன்பக்கம் இழுத்தால் வெளியே வரும் சின்ன அட்டையில் பெரும்பாலும் இருக்கும். வெண்டர் மாற்றாமல் விட்டிருந்தால் அதிர்ஷ்டம்தான், ஆனால் உடனே மாற்றுங்கள்.

டொமைன் (உங்கள் இணைய முகவரிப் பெயர்) யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்றும் பாருங்கள். அதுவும் வெண்டர் பெயரில் என்றால் உங்கள் மெயிலும் அவர் தயவில்தான். கிளவுட் ரூட் (தலைமை) கணக்கின் மெயிலை உங்கள் சொந்த டொமைனிலேயே வைக்க வேண்டாம். டொமைன் காலாவதியானால் மெயிலும் கிளவுட் கணக்கும் சேர்ந்து போகும். தனியான ஒரு மெயில், அதன் பாஸ்வேர்டும் ரிகவரி குறியீடுகளும் காகிதத்தில், உறையில், நிர்வாகியின் பீரோவில். ஏஎம்சி வெண்டருக்குத் தனி யூசர் கொடுங்கள், வேலை முடிந்ததும் மூடிவிடலாம்.

இரண்டு ஸ்விட்சுக்கு இடையே இரண்டு கேபிள் போட்டால் வேகம் இரட்டிப்பாகுமா? (நாமக்கல்)

இரு பக்கமும் எல்ஏசிபி (இரண்டு கேபிளையும் ஒரே இணைப்பாகக் கட்டும் அமைப்பு) செய்தால்தான் பயன், அப்போதும் ஒரே ஃபைல் காப்பி வேகமாகாது. சும்மா செருகினால், லூப்பைத் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ வசதி ஒன்றை அடைத்துவிடும். அதுவும் இல்லாத மலிவு ஸ்விட்ச் என்றால் லூப் ஆகி, டேட்டா சுற்றிச் சுற்றி வந்து அலுவலகமே நின்றுவிடும்.

லாக் (log, கருவிகளில் நடந்தவற்றின் பதிவு) எத்தனை நாள் வைக்க வேண்டும்? (சென்னை)

மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி 180 நாள். ஃபயர்வாலின் உள் நினைவகத்தை நம்பாதீர்கள், லாக்குகளைச் சேகரிக்கத் தனி சிஸ்லாக் சர்வர் வையுங்கள். எல்லாக் கருவிகளின் கடிகாரமும் ஒன்றாக இருக்கட்டும்.

சர்வர் நன்றாக ஓடும்போது ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) அப்டேட் எதற்கு? (திருச்சி)

2019 நவம்பரில் சர்வர் நிறுவனமான ஹெச்பிஇ ஒரு அறிவிப்பு வெளியிட்டது. அவர்களுடைய சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டி (சர்வர் டிஸ்க்) மாடல்கள், பழைய ஃபர்ம்வேரோடு 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும், டேட்டாவும் மீளாது. கிட்டத்தட்ட மூன்றே முக்கால் வருடம். ஒரே நாளில் ஒன்றாகப் போட்ட எட்டு டிஸ்க்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் அந்த எண்ணைத் தொடும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே. ரெய்டு பேக்கப் அல்ல என்று மேலே சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.