எம்.ஆர்.ஐ ரிப்போர்ட்டில் 'மூளையில் சிஸ்ட்' என்று வந்தால் ஆபரேஷன்தானா?

தம்பிக்குத் தலைவலி என்று எம்.ஆர்.ஐ எடுத்ததில் 'அராக்னாய்டு சிஸ்ட்' என்று வந்திருக்கிறது, வீட்டில் எல்லோரும் ஆபரேஷன் என்றே பேசுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் மூச்சு விடுங்கள். இதே ரிப்போர்ட்டோடு இரண்டு வருடம் முன்னால் காரைக்குடியில் நாங்கள் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தோம்.

எங்களுக்கு அது என் அம்மா. ரிப்போர்ட்டைக் கொடுத்தவர் போகிற போக்கில் "தலையில கட்டி இருக்கு, பெரிய டாக்டரப் பாருங்க" என்று சொல்லிவிட்டார், அவ்வளவுதான், சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வீட்டில். அப்பத்தா மட்டும் "பத்துப் போட்டாக் கரையாதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். நம் பேச்சில் புற்றும் கட்டிதான், சீழ் வைத்ததும் கட்டிதான், வெறும் தண்ணீர்ப் பையும் கட்டிதான், பாதிப் பயம் அந்தச் சொல்லால் வருவது. சிஸ்ட் என்றால் உள்ளே நீரோ வேறு ஏதோ நிறைந்த பை, அராக்னாய்டு என்பது மூளையைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வின் பெயர். எம்.ஆர்.ஐ எடுப்பதே அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது, அது எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்கத்தான்.

மதுரையில் நியூரோ டாக்டரிடம் போனோம். பிள்ளையார்பட்டி தாண்டும்போது அம்மா காருக்குள்ளேயே கும்பிட்டார், திருப்பத்தூர், மேலூர் வரைக்கும் ஒருவரும் பேசவில்லை. டாக்டர் ஃபிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டி, பேனா முனையால் ஒவ்வொரு படமாகக் காட்டினார். டி-2 என்கிற படத்தில் மூளையைச் சுற்றியுள்ள நீர் வெள்ளையாகத் தெரிகிறது, அம்மாவின் இடது நெற்றிப்பொட்டுப் பக்கம் இருந்த சிஸ்ட்டும் அதே வெள்ளை. அடுத்தது ஃபிளேர். இதில் அந்த மூளை நீரை மட்டும் கறுப்பாக அடக்கிவிடுவார்கள், சிஸ்ட்டும் கூடவே கறுத்துப் போயிருந்தது. நீரின் அசைவைக் காட்டும் டிஃப்யூஷன் படத்திலும் ஒளிரவில்லை. "பாருங்கம்மா, எல்லாப் படத்துலயும் மூளைத் தண்ணி மாதிரியே நடந்துக்குது, அப்ப உள்ள இருக்கறதும் அதே தண்ணிதான், அனேகமா பிறவியிலேயே இருந்திருக்கும்" என்றார். தலைவலிக்குக் காரணம் வேறு, மைக்ரேன்.

ஃபிளேரில் முழுசாகக் கறுக்காமல் டிஃப்யூஷனில் பளீரென்று வெள்ளையாக வந்தால் அது எபிடெர்மாய்டு என்ற வேறு வகை, அதற்கு வைத்தியமும் வேறு. மூளையின் நடு அறையில், நீர் இறங்கிப் போகிற வாசலில் உட்காரும் கொலாய்டு சிஸ்ட் சின்னதாக இருந்தாலும் வழியை அடைத்துவிடலாம், அதனால் அதில் அளவை விட இடம்தான் முக்கியம். பைக்குள் ஒரு சின்னப் புள்ளி தெரிந்தால் நாடாப்புழுவின் முட்டையால் வந்த சிஸ்ட், நம் நாட்டில் வலிப்புக்கு முக்கியக் காரணங்களில் அது ஒன்று. எங்கள் சித்தப்பா "நாமதான் பன்னிக்கறி தொடறதே இல்லையே" என்றார். கறியில் இருந்து வருவது குடலில் வளரும் புழு. மூளைக்குப் போவது, அந்தப் புழு உள்ள மனிதர்களின் மலத்திலிருந்து கை வழியாகவும் கழுவாத காய்கறி வழியாகவும் வரும் முட்டை, ஆகவே சைவக்காரர்களுக்கும் வரும்.

படம் இன்னும் தெளிவாகத் தெரியப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசி வேண்டுமென்றால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தச் சோதனையை முன்னாடியே பார்ப்பார்கள், சிறுநீரகக் கோளாறு இருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். சாதாரண அராக்னாய்டு சிஸ்ட்டின் சுவர் அந்த மருந்தை வாங்கி ஒளிராது. எம்.ஆர்.ஐயில் கதிர்வீச்சு கிடையாது, ஆனால் காந்தம் பெரியது. பேஸ்மேக்கரோ தலைக்குள் ஆபரேஷனில் வைத்த கிளிப்போ இருந்தால் மறைக்கவே கூடாது. அம்மாவிடம் நகை, மெட்டி, ஹேர்பின் எல்லாம் வாங்கிக்கொண்ட நர்ஸ், தாலிச் சங்கிலியில் கோத்திருந்த நான்கு ஊக்கைப் பார்த்துப் பதறிப்போனார். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, அந்த இரும்பு ஊக்குதான் ஆபத்து. தாலியைக் கழற்ற அம்மா மனசு கேட்கவில்லை. அப்பா வெளியே ஓடிப்போய் மஞ்சள் கயிறும் ஒரு மஞ்சள் கிழங்கும் வாங்கிவந்து, அங்கே வராந்தாவில் வைத்தே கட்டிவிட்டார்.

உங்கள் தம்பிக்கு ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டு போகாதீர்கள், ஃபிலிமும் சி.டியும் வேண்டும். எந்த இடம், பக்கத்தில் மூளையை அழுத்துகிறதா, நீரோட்டம் தடைபடுகிறதா, இந்த மூன்றையும் கேளுங்கள். எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் சும்மா விட்டுவிடுவார்கள், தேவைப்பட்டால் சில மாதம் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிடுவார்கள். காலையில் வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு, அசாதாரணத் தூக்கக் கலக்கம் இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நெற்றிப்பொட்டுப் பக்கம் சிஸ்ட் உள்ளவர்களுக்குத் தலையில் பலமாக அடிபட்டால் ரத்தக் கசிவு வர வாய்ப்பு உண்டு, தம்பி பைக் ஓட்டினால் ஹெல்மெட் இல்லாமல் விடாதீர்கள்.

அம்மாவுக்கு ஒரு வருடம் கழித்து எடுத்ததில் அதே 2.4 செ.மீ, ஒரு மில்லிமீட்டர் கூட மாறவில்லை. இந்தத் தடவை ஊக்கை எல்லாம் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் கிளம்பினார்.