22.4-ஐக் கொஞ்சம் கீழே வையுங்கள்

சில்வர் பீச்சில் வாங்கிய ஹீலியம் பலூனும் நான் ஊதிய பலூனும் ஒரே அளவு. உள்ளே இருக்கும் வாயுவும் சமமா? (மாணவி, மஞ்சக்குப்பம்)

எண்ணிக்கையில் ஏறக்குறைய சமம், எடையில் இல்லை. ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தம் என்றால் சம கன அளவில் சம எண்ணிக்கைத் துகள்கள். 1811-இல் இத்தாலிய அறிவியலாளர் அவகாட்ரோ சொன்னது இது. மோல் என்பது துகள்களை எண்ணும் அலகு, டஜன் மாதிரி; எந்தப் பொருளானாலும் ஒரு மோலில் அதே எண்ணிக்கைதான். ஒரு மோல் ஹீலியம் 4 கிராம், காற்று சுமார் 29. அது பறக்கிறது, உங்களுடையது தரையில் கிடக்கிறது.

சைக்கிள் டியூபில் இரண்டு மடங்கு காற்றடித்தால் கன அளவும் இரண்டு மடங்காகுமா? (நெல்லிக்குப்பம்)

ஆகாது. டயர் விடாது. அழுத்தம்தான் ஏறும்.

64 கிராம் ஆக்சிஜனின் கன அளவு என்ன? அவசரம். (பண்ருட்டி)

அவசரம் சரி, வெப்பநிலை எங்கே? அழுத்தம் எங்கே? இரண்டையும் எழுதாமல் கேட்காதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது! 64 கிராம் என்பது 2 மோல். 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தம் என்றால் ஒரு மோல் வாயுவுக்கு 22.4 லிட்டர், ஆக 44.8 லிட்டர். நம் கடலூர் வெயிலில், 30 டிகிரி என்று வைத்தாலே 50 லிட்டரை நெருங்கும். 1982-இல் திட்ட அழுத்தத்தை 1 பார் (வளிமண்டல அழுத்தத்தைவிடச் சற்றே குறைவு) என்று மாற்றினார்கள். அந்தக் கணக்கில் 0 டிகிரியில் ஒரு மோலுக்கு 22.7 லிட்டர். பிள்ளைகளோ மோல் என்ற சொல்லைக் கண்டதும் 22.4-ஆல் பெருக்குகிறார்கள். 18 கிராம் தண்ணீருக்கு 22.4 லிட்டர் என்று எழுதிய விடைத்தாளையும் திருத்தியிருக்கிறேன். தண்ணீர் திரவமப்பா, 18 மில்லிதான் வரும்! பல கணக்குகளுக்கு 22.4 என்ற எண்ணே வேண்டாம். 10 லிட்டர் நைட்ரஜனோடு 30 லிட்டர் ஹைட்ரஜன் முழுமையாக வினைபுரிந்தால் 20 லிட்டர் அம்மோனியா. வெப்பநிலையும் அழுத்தமும் மாறாதவரை 1:3:2 என்ற விகிதமே போதும். இந்த எளிய விகிதங்களைப் பிரெஞ்சு அறிவியலாளர் கே-லுசாக் 1808-லேயே காட்டிவிட்டார்.

கேஸ் சிலிண்டர் தீரும்வரை அடுப்பு நன்றாகவே எரிகிறது. வாயு குறையக் குறைய அழுத்தமும் குறைய வேண்டாமா? (இல்லத்தரசி, லாஸ்பேட்டை)

நல்ல கேள்வி. உள்ளே பெரும்பகுதி திரவம். வாயு வெளியேற வெளியேற, திரவம் ஆவியாகி ஈடுகட்டும். திரவம் தீரும்வரை அழுத்தம் பெரிதாக இறங்காது. 14.2 கிலோவும் வாயுவானால் 6,000 லிட்டரைத் தாண்டும். மீதி தெரிய எடை போடுங்கள், சிலிண்டரில் பொறித்திருக்கும் காலி எடையைக் கழியுங்கள். ஆட்டிப் பார்ப்பது வேண்டாம்.

கரியமில வாயு கனமானது. ஒரு மோல் அதிக இடம் பிடிக்குமா? (வில்லியனூர்)

பிடிக்காது.

வினாத்தாளைப் படமெடுத்து அனுப்பி, "எல்லாவற்றுக்கும் விடை வேண்டும்" என்று கேட்ட தம்பிக்கு: முதல் கணக்கிலேயே வெப்பநிலை இருக்கும் மூலையை உங்கள் கட்டைவிரல் மறைத்திருக்கிறது.