வெளிப்பாறையில் போல்டரிங் ஏறும்போது தொடக்கத்தையும் நகர்வுகளையும் எப்படிக் கண்டுபிடிப்பது?

கயிறு இல்லாமல், கீழே மெத்தை விரித்து, உயரம் குறைந்த பாறைகளில் ஏறுவதே போல்டரிங். ஒவ்வொரு ஏறுவழியையும் ‘ப்ராப்ளம்’ என்பார்கள். உள்ளரங்கில் வண்ணப் பிடிகளே வழி சொல்லிவிடும். பிரான்ஸின் ஃபோன்டென்ப்ளோ காட்டில்கூடப் பாறைமேல் அம்புக்குறியும் எண்ணும் தீட்டியிருக்கிறார்கள். ஹம்பியின் கருங்கல்லில் நாமேதான் தேட வேண்டும்.

தொடக்கத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? கடினத் தரமே அதைப் பொறுத்தது. நின்று தொடங்குவதற்குப் பதில் தரையில் உட்கார்ந்து தொடங்கினால் சில நகர்வுகள் கூடும். பல சமயம் உயிரை வாங்குபவை அவைதான்.

நான் உச்சியிலிருந்து கீழ்நோக்கி வாசிப்பேன். முதலில் இறங்கும் வழி. அடுத்து விளிம்புப் பிடி: அதை எந்தக் கை எட்டும், அப்போது கால் எங்கே நிற்கும்? இப்படியே கீழே வந்தால், முழங்கால் உயரத்தில், நக அகலமே உள்ள ஒரு படி, காலணி ரப்பர் உரசிக் கறுத்து வழவழப்பாகியிருக்கும். தொடக்கத்தைக் காட்டும் அந்தச் சின்னஞ்சிறு தடயம் கண்ணில் படும்போது வரும் மகிழ்ச்சிக்கு ஈடில்லை! முடிந்த சிக்குக் கோலத்தில் ஒரு கம்பியை விரலால் பின்தொடர்ந்து, கை தொடங்கிய புள்ளியைத் தேடுவது போன்ற வேலை இது.

கை வழுக்காமலிருக்க ஏறுபவர்கள் பூசிக்கொள்ளும் வெள்ளைப் பொடி படிந்த இடமெல்லாம் சரியான பிடி என்று பலர் நம்புகிறார்கள். தவறிப்போன முயற்சிகளும் அதே பொடியைத்தான் விட்டுச் செல்கின்றன.