இராமேஸ்வரம், கீழக்கரை மாதிரி ஊர் நகராட்சியில் மக்கள் தொடர்பு வேலை என்றால் என்ன செய்ய வேண்டியிருக்கும்?

பத்திரிகைக் குறிப்பு எழுதுவது கால்வாசி. மீதி, "தண்ணி எப்ப வரும்?" என்பதற்குப் பதில் சொல்வது.

இங்கே காவிரிக் கூட்டுக் குடிநீரை நம்பித்தான் பிழைப்பு. பெரிய குழாய் குடிநீர் வடிகால் வாரியத்தின் பொறுப்பு. உடைந்தால் திட்டு மட்டும் நகராட்சிக்கு. அதனால் வாரியப் பொறியாளரைக் கேட்காமல் "நாளை சரியாகும்" என்று எழுதவே கூடாது. எந்தெந்த வார்டு, எத்தனை மணியிலிருந்து, லாரி எங்கே நிற்கும், யாருக்குப் போன் செய்வது என்பதெல்லாம் குறிப்பில் வேண்டும். "தொழில்நுட்பக் காரணங்களால்" என்றால் ஒருவரும் நம்பமாட்டார். "குழாயில் உடைப்பு" என்றே எழுதுங்கள். உடைப்பை அடைத்த பிறகும் மேல்நிலைத் தொட்டி நிரம்ப நேரமாகும். அதைச் சொல்லாமல் விட்டால் காலிக்குடங்கள் அலுவலக வாசலுக்கு வந்துவிடும்.

ஆணையர் ஒப்புதல் இல்லாமல் எதுவும் வெளியே போகக் கூடாது. மாலைக்குள் நிருபர்கள் கைக்குப் போனால்தான் மறுநாள் பேப்பரில் வரும். ஆனால் விடியற்காலை கரை திரும்புகிறவர் எங்கே பேப்பர் பார்க்கிறார்? ஆட்டோவில் மைக் கட்டித்தான் சொல்ல வேண்டும். ஓடும் வண்டியில் பேசினால் கடற்காற்றில் பாதி வார்த்தை பறந்துவிடும். முனைக்கு முனை நிறுத்தி, சின்ன வாக்கியமாக, இரண்டு தடவை. கீழக்கரையில் ஜமாத்துக்கும், துறைப்பக்கம் மீனவர் சங்கத்துக்கும் தகவல் சொன்னால் அதைவிட வேகமாகப் பரவும்.

பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் சொந்த விளக்கம் வேண்டாம், வானிலை மையம் சொன்னதை அப்படியே போடுங்கள். ஆடி, தை அமாவாசைக்கு அக்னி தீர்த்தக் கரையில் வைக்கும் பலகையில் இந்தியும் இருக்கட்டும்; வருகிறவர்களில் வடக்கத்தி யாத்ரீகர்களும் நிறைய.